இன்னும் ஒரு கரண்டி

ஜூன் 14, வெள்ளி

கணவாய்க் காற்று வந்துவிட்டது. காலையில் மொட்டை மாடிக்குப் போனபோதே தெரிந்தது. தென்னை மட்டைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலையைச் சீவிக்கொண்டு நின்றன. பாலக்காட்டுப் பக்கமிருந்து மேகம் தாழ்வாக, அவசரமே இல்லாமல், பொள்ளாச்சிக்குள் நுழைந்துகொண்டிருந்தது. வேலை பார்த்த காலமெல்லாம் ஆராய்ச்சிப் பண்ணையின் வானிலைக் கூண்டுதான் என் உலகம். ஓய்வு பெற்ற பிறகும் மாடியில் சொந்தமாக ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். யாரும் கேட்பதில்லை, ஆனாலும் தினமும் அளந்து எழுதுகிறேன். என் மனைவி சம்பூர்ணம் இதை என் பூசை என்பாள்.

அவளை டாக்டர் பர்வீனிடம் அழைத்துப் போனேன். நுரையீரல் படம் எடுத்தார்கள். போன வருடத்துப் படத்தையும் பக்கத்தில் மாட்டி, டாக்டர் இரண்டையும் வெகு நேரம் பார்த்தார். புதுப் படத்தில் கீழ்ப்பக்கம் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. தாழ்வாகப் படர்கிற நல்ல படை மேகம் என்று சொல்ல வாயெடுத்தேன், சம்பூர்ணம் முறைத்தாள்.

நுரையீரல் தழும்பேறிக் கெட்டிப்படுகிற நோய். மருந்து அதை மெதுவாக்கும், நிறுத்தாது. இதெல்லாம் தெரிந்த கதைதான். இன்று டாக்டர் புதிதாக ஒன்று சொன்னார்.

"அம்மா, இப்ப நல்லாப் பேசறீங்க, நடக்கறீங்க. இப்பவே உட்கார்ந்து யோசிச்சு வெச்சுக்கலாம். பின்னாடி மூச்சு ரொம்ப முடியாமப் போச்சுன்னா உங்களுக்கு என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாதுன்னு. அப்ப நீங்களே சொல்ற நிலைமையில இல்லாமப் போகலாம். உங்களுக்காக யார் சொல்லணும்கறதையும் முடிவு பண்ணிடுங்க."

சம்பூர்ணம் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

வரும் வழியெல்லாம் அருமையான மேகம்.

ஜூன் 16, ஞாயிறு

இப்போதெல்லாம் சமையல் நான்தான். சம்பூர்ணம் சமையலறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "உப்பு போட்டாச்சுங்களா? போட்டதையே மறுக்காவும் போட்டுடாதீங்க" என்று மேற்பார்வை பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாழையிலை. பரிமாறுவது எனக்குப் பிடித்த வேலை, அது ரத்தத்தில் வந்தது.

எங்கள் வீட்டில் 'போதும்' என்றால் 'போடுங்கள்' என்று அர்த்தம். ஒறம்பரை வந்து பந்தியில் உட்கார்ந்தால் (வீட்டுக்கு வரும் சொந்தபந்தத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) போதும் என்பது அவர்கள் மரியாதை. அதைக் காதில் வாங்காமல் இன்னும் ஒரு கரண்டி போடுவது நம் மரியாதை. நிஜமாகவே வேண்டாம் என்றால் இலைமேல் இரண்டு கையையும் விரித்து மறைக்க வேண்டும். என் அம்மா அதையும் நம்பமாட்டாள். விரல் இடுக்கு வழியாக ரசத்தை விட்டுவிடுவாள்.

சம்பூர்ணம் வீட்டில் வேறு விதம். உடுமலையில் வாத்தியார் குடும்பம். அங்கே போதும் என்றால் போதும்தான், கரண்டி அந்தரத்தில் நின்றுவிடும். கல்யாணமாகி வந்த புதிதில் என் அம்மாவிடம் போதும் போதும் என்று சொல்லிச் சொல்லியே மூச்சு முட்டச் சாப்பிட்டு, மத்தியானமெல்லாம் கட்டிலில் சுருண்டு கிடந்தாள். 'உங்க ஊர்ல தமிழ் வேறயா இருக்குது' என்று அன்றைக்குச் சொன்னதை இன்றைக்கும் சொல்வாள்.

இன்று ரசத்துக்கு வந்தபோது மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, டாக்டரம்மா சொன்னதப் பேசிக்கலாமுங்களா?"

"என்ன சொன்னாங்க?"

"நீங்க ஜன்னலைப் பாத்துட்டு இருந்தீங்கல்ல, அப்பச் சொன்னாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "தொண்டைக்குள்ள கொழாய் போட்டு, மிசின்ல மூச்சு விடவெச்சு, கண்ணாடிக் கதவுக்குள்ள என்னையப் படுக்கவெக்க வேண்டாமுங்க. நம்ம ரூம்புல மேக்கால ஜன்னலத் தொறந்து வெச்சுட்டு, இருக்கற வரைக்கும் இருந்துக்கறேன். எனக்கு அது போதும்."

நான் அவள் இலையில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தேன். மோர் ஊற்றட்டுமா என்று கேட்டேன்.

ஜூன் 25, செவ்வாய்

மழை பதினொரு மில்லிமீட்டர். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. சம்பூர்ணம் மாடிக்கு வரவில்லை, கீழே வேலை கிடக்கிறது என்றாள். கீழே ஒரு வேலையும் இல்லை.

ஜூலை 3, புதன்

ஆக்சிஜன் பெட்டி வந்துவிட்டது. சுற்றி இருக்கிற காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்குமாம். கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து நாளெல்லாம் முனகுகிறது. மூக்கிலிருந்து நீளமாக ஒரு குழாய், அவள் எங்கே போனாலும் பின்னாலேயே போகிறது. "பாருங்க, எனக்கு வால் மொளச்சுருச்சு" என்றாள். அடுப்படிக்குத் திரும்பும்போது வாலைக் கையில் சுற்றி எடுத்துக்கொண்டு, கல்யாணப் பெண் முந்தானையைத் தூக்கிக்கொள்வதுபோல் நடந்தாள். அழகாக இருந்தது என்று சொன்னேன். சும்மா இருங்க என்றாள்.

மத்தியானம் அந்த முனகலில் இரண்டு பேரும் தூங்கிப்போனோம். எனக்குக் கனவு. வீடு அஸ்திவாரத்தை விட்டு மெல்லக் கழன்று, மேகத்தோடு மேகமாகக் கிழக்கே போகிறது. கீழே தென்னந்தோப்பு, வாய்க்கால், காற்றாலைகள். நாங்கள் இருவரும் மேற்கு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போகிறோம். உடுமலை வந்ததும் அவள் அப்பா வாசலில் நின்று கை காட்டுகிறார்.

விழித்ததும் அவளிடம் சொன்னேன்.

"எங்கப்பா என்னைய உள்ள கூப்பிட்டாருங்களா?"

"இல்ல. கை மட்டுந்தான் காட்டுனாரு."

"அப்பச் செரி" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஜூலை 11, வியாழன்

மறுபடி டாக்டர். போன தடவை சொன்னதை யோசித்தீர்களா என்று கேட்டார். சம்பூர்ணம் குழாய், கண்ணாடிக் கதவு, மேற்கு ஜன்னல் எல்லாவற்றையும் ஒப்பித்தாள்.

"உங்களுக்காகச் சொல்ல வேண்டிய ஆள்?"

"இவருதானுங்க. ஆனா இவரு சொல்ல மாட்டாரு."

"ஏன்?"

"இவங்க ஊர்ல போதும்னா போடுன்னு அர்த்தமுங்க டாக்டர்."

டாக்டர் சிரித்துவிட்டார். "எங்க வீட்டுலயும் அதே கதைதான். எங்கம்மா பிரியாணிச் சட்டியோட தலைமாட்டுல நிப்பாங்க." பிறகு என் பக்கம் திரும்பி, சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "சார், அம்மாவுக்கு என்ன வேணும்ங்கறது தெளிவா இருக்கு. இதை எழுதி, ரெண்டு சாட்சி முன்னாடி அவங்க கையெழுத்துப் போட்டு, நோட்டரியோ கெஜட்டட் ஆபீசரோ ஒப்பம் வெச்சாச் சட்டப்படி செல்லும். ஆனா அந்த நேரத்துல தாள் வந்து பேசாது. நீங்கதான் பேசணும்."

பார்க்கலாமுங்க என்றேன். மாதிரித் தாள் ஒன்றைக் கொடுத்தார். ஸ்கூட்டர் டிக்கியில் வைத்திருக்கிறேன். நனையாது.

திரும்பும்போது நேந்திரம்பழம் வாங்கினோம். ஒரு வாரமாகக் காற்று குறையவே இல்லை.

ஜூலை 22, திங்கள்

மத்தியானம். குளியலறை வாசலில் சரிந்துவிட்டாள். உதடு நீலம். ஓசூரில் இருக்கும் மகள் வாணிக்குப் போன் செய்தேன், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க என்று அலறினாள். கூப்பிட்டேன்.

வண்டியில் ஏற்றும்போது சம்பூர்ணம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். காற்று இரைச்சலில் காதில் விழவில்லை. விழவில்லை என்றுதான் எழுதிக்கொள்கிறேன்.

கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரி. என்ன செய்யட்டும் என்று கேட்டார்கள். எல்லாம் செய்யுங்க என்றேன்.

ஜூலை 24, புதன்

கண்ணாடிக் கதவு. காலையிலும் மாலையிலும் கொஞ்ச நேரம் உள்ளே விடுகிறார்கள். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. மழை அளக்கவில்லை.

ஜூலை 31, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். பிழைத்துக்கொண்டாள். சளி பிடித்துக் காய்ச்சலானதுதான் காரணமாம், அது சரியாகிவிட்டது, நுரையீரல் பழையபடியே இருக்கிறது என்றார்கள். பழையபடி இல்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு வருவதற்குள் இரண்டு முறை நிற்கிறாள். குழாய் போட்டிருந்ததால் குரல் கரகரவென்று யாருடையதோ மாதிரி இருக்கிறது.

மணிக்கட்டு இரண்டிலும் கன்றிப்போன தடம். மயக்கத்தில் குழாயைப் பிடுங்கிவிடக் கூடாதென்று மெத்தென்ற துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். அங்கே அப்படித்தான் செய்வார்களாம், அவர்கள்மேல் தப்பில்லை. ஒரு நர்ஸ் பெண் தினமும் தலை வாரிவிட்டாள் என்று சம்பூர்ணமே சொன்னாள். தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன்.

ஆகஸ்ட் 3, சனி. ஆடிப் பதினெட்டு

எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, புளிச்சோறு மூன்றும் செய்தேன். தேங்காய்ச் சோறு அடிப்பிடித்துவிட்டது. பண்டிகை என்பதால் இலை போட்டேன். கட்டிலை ஒட்டி முக்காலியை இழுத்துப் போட்டு அதில் அவள் இலை.

புளிச்சோறு வைக்கும்போது போதும் என்றாள். பழக்க தோஷம், இன்னும் ஒரு கரண்டி வைத்தேன்.

அவள் இலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தக் கரகரத்த குரலில், கோபமே இல்லாமல் சொன்னாள்:

"அன்னைக்கி வண்டியிலயும் போதும்னுதானுங்க சொன்னேன். நீங்க இன்னொரு கரண்டி போட்டுட்டீங்க."

சொல்லிவிட்டு அந்தச் சோற்றையும் பிசைந்து சாப்பிட்டாள். வீணாக்கக் கூடாதென்று நினைத்திருப்பாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. மாடிக்குப் போய் மழைமானிப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். மேகம் எப்படி இருந்தது என்று தெரியாது.

கீழே வந்து, அங்கே உள்ளே எப்படி இருந்தது என்று கேட்டேன். கேட்க எனக்குப் பத்து நாளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

"பந்தியில உக்காந்திருக்கற மாதிரியே இருந்துதுங்க. யாரோ போட்டுக்கிட்டே இருக்கறாங்க. வாயத் தொறக்க முடியல, வாய்க்குள்ளதான் கொழாய் இருக்குதே. செரி, கையவாச்சும் எலைமேல வெச்சுக்கலாம்னு பாத்தேன்." மூச்சு வாங்கினாள். "கை வரலைங்க. கட்டியிருந்தாங்க."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இனிமேல் நீ சொன்னால் நிறுத்திக்கொள்கிறேன் என்றேன்.

"நீங்க வாய்ச்சொல்ல நம்ப மாட்டீங்க. உங்க வளர்ப்பு அப்படி. நான் கைய வெச்சுக் காட்டறேன். அதையாச்சும் நம்போணும்."

நம்புகிறேன் என்றேன். சாயங்காலம் ஸ்கூட்டர் டிக்கியிலிருந்து தாளை எடுத்துவந்தேன். நனையவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இன்று கையெழுத்து.

கெஜட்டட் ஆபீசர், மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் மாகாளியப்பன். வெயில் இல்லாத நாளிலும் கறுப்புக் கண்ணாடி போடுகிறவர், சட்டைப் பையில் பச்சை மைப் பேனா. சாட்சிக்கு எதிர்வீட்டுக் குப்புராஜும் அவர் மனைவியும். எழுதியது டாக்டர் சொன்னபடி, ஆனால் வாசகம் எல்லாம் சம்பூர்ணம். இனித் தேறமாட்டேன் என்று டாக்டர்கள் சொல்லும் நிலையில் மிஷின் மூச்சு வேண்டாம், நின்ற இதயத்தை நெஞ்சை அமுக்கி ஓட்ட வேண்டாம். மூச்சுத்திணறலும் வலியும் தெரியாமலிருக்க மருந்து வேண்டும், அதில் கஞ்சத்தனம் கூடாது. வீட்டில் இருக்க வேண்டும். என் சார்பில் பேச வேண்டியவர் என் கணவர் சென்னியப்பன். அவருக்கு முடியாமல் போனால் மகள் வாணி.

அவளே உரக்கப் படித்தாள். நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. 'திணறல்' என்பதில் சின்ன ர போட்டிருந்தேன். மாகாளியப்பன் சார் பச்சை மையில் திருத்திவிட்டுத்தான் ஒப்பம் வைத்தார்.

பிறகு பந்தி. வடை பாயசத்தோடு. அவியலுக்கு வந்தபோது சார் போதும் என்றார். நான் பாட்டுக்கு வைத்தேன்.

"என்னுங்க இது! போதும்னா நிறுத்தோணும்னு இப்பத்தானே ஒப்பம் வெச்சேன், மை கூடக் காயலையே!"

சம்பூர்ணம் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி, மறுபடி சிரிப்பானது. "அது வேறயுங்க சார். இது ஒறம்பரைப் போதும். இதுக்குச் சட்டம் செல்லாது" என்றாள். குப்புராஜ் மனைவி தண்ணீர் எடுத்துக்கொடுத்துவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

இளநீர்ப் பாயசம். சம்பூர்ணம் கொஞ்சம் குடித்துவிட்டுப் போதும் என்றாள். நான் கரண்டியை அப்படியே நிறுத்தினேன். வாழ்க்கையில் முதல்முறை. எனக்கே பெருமையாக இருந்தது.

கிண்ணத்தைப் பார்த்தாள். பாத்திரத்தைப் பார்த்தாள்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்தியிருக்கலாம்" என்றாள்.

"போதும்னியே?"

"நான் கைய வெச்சனுங்களா?"

ஊற்றினேன். இத்தனை வருடம் கழித்து எங்கள் ஊர்த் தமிழைக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

செப்டம்பர் 14, சனி

காற்று தணிந்துவிட்டது. மேகம் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். நானும் குப்புராஜும் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி மாடிக்குக் கொண்டுபோனோம். வாலுக்குப் பதில் சின்ன சிலிண்டர். அவளிடம் எடையே இல்லை, ஆனாலும் ஏறும்போது எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

வானம் முழுக்க வெள்ளை மேகங்கள், தனித்தனியாக, தோப்புகள்மேல் நிழலை இழுத்துக்கொண்டு போயின. நிழல் எங்கள்மேல் வரும்போது குளிர்ந்தது, போனதும் வெயில் வந்தது. எந்த வருடத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்றே எனக்கு மறந்துபோனது. வாணி பிறப்பதற்கு முன்னாலேயோ என்று ஒரு கணம் தோன்றியது.

"ஏனுங்க, மேகத்துக்குள்ள போனா என்ன தெரியும்?"

"ஒண்ணுந் தெரியாது. அட்டகட்டிகிட்ட ஒருக்கா மாட்டிக்கிட்டேன், வால்பாறைக்குப் போற வழியில. சுத்தியும் வெள்ளை. நனையறதே தெரியாம நனைஞ்சு போயிருந்தேன்."

"பயமா இல்லைங்களா?"

நான் யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது என்று பட்டது. "பயமில்ல அம்மிணி. வண்டிய நிறுத்திட்டுப் பாறைமேல உக்காந்துட்டேன். குளிருதான் தாங்கல."

"அப்ப ஒரு போர்வையப் போத்தி விட்டுருங்க" என்றாள்.

சரி என்றேன். எதற்குச் சரி என்றேன் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அக்டோபர் 6, ஞாயிறு

வாணி வந்திருக்கிறாள், லீவு போட்டுவிட்டு. அம்மாவைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. பச்சை மைத் தாளை அவளிடம் கொடுத்தேன். படித்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டீங்க. எதிர்வீட்டுக்காரங்களைக் கூப்பிட்டு வெச்சு, பாயசம் போட்டு! என்னைய ஒரு வார்த்தை கேக்கலைங்களேப்பா."

நியாயமான கேள்வி. நான் ஜன்னலைப் பார்க்கப் போனேன், பிறகு பார்க்காமல் அவளையே பார்த்தேன். பதில் சொன்னது சம்பூர்ணம்.

"உன்னையக் கேட்டா நீ அழுவே கண்ணு. நீ அழுதா நான் எல்லாத்துக்கும் செரின்னு சொல்லிப்போடுவேன். அதான் கேக்கல."

"போன தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்த்தானேம்மா பொழச்சு வந்தே? மறுபடி முடியாமப் போனா ஒரே ஒரு தடவை கூட்டிட்டுப் போய்ப் பாக்கலாமில்ல?"

இவளுக்கு என் அம்மாவின் கை. கரண்டியைத் தூக்கிவிட்டால் கீழே வைக்காது. சம்பூர்ணம் அவள் தலையைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள். வாணி அழுதாள். சாயங்காலம் பார்த்தபோது அம்மாவின் கட்டிலிலேயே, வாலை மிதிக்காமல் ஓரமாக ஒடுங்கிப் படுத்திருந்தாள்.

அக்டோபர் 19, சனி

காற்று திரும்பிவிட்டது. மாடியில் இருக்கும் காற்றுத் திசைகாட்டி இரண்டு நாள் தடுமாறி, இன்று கிழக்கே நின்றது. வடகிழக்குப் பருவம். மேற்கு ஜன்னலில் இனிக் காற்று வராது, கட்டிலைக் கிழக்கு அறைக்கு மாற்றட்டுமா என்று கேட்டேன்.

சம்பூர்ணம் இப்போது ஒரு வாக்கியத்தை மூன்றாகப் பிரித்துத்தான் பேசுகிறாள்.

"வேண்டாமுங்க. வர்ற காத்தப் பாத்தாச்சு. இங்கிருந்தா, போற காத்தப் பாக்கலாம்."

அக்டோபர் 24, வியாழன்

இன்றைக்குத்தான் எழுத முடிகிறது.

செவ்வாய் மத்தியானம். சாதாரணமாகத்தான் ஆரம்பித்தது, கஞ்சி கொடுத்தேன், இரண்டு வாய் குடித்தாள். பிறகு மூச்சு மேலே மேலே ஏறியது. ஆக்சிஜனைக் கூட்டினேன். அது போதவில்லை. டாக்டர் பர்வீனுக்குப் போன் செய்தேன், மருந்தோடு கிளம்பி வருகிறேன் என்றார். நான் போனை வைப்பதற்குள் வாணி வேறு போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தாள். அதுதான் முதலில் வந்தது. இரண்டு ஆட்கள் ஸ்ட்ரெச்சரை அறை வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள்.

"தூக்கலாங்களா சார்?"

"அப்பா, ஒரே ஒரு தடவைப்பா" என்றாள் வாணி. என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஒரே ஒரு தடவை."

எனக்கும் அதே ஆசைதான். இங்கே பொய் எழுதி என்ன ஆகப்போகிறது. தூக்குங்க என்கிற சொல் என் வாய்வரைக்கும் வந்துவிட்டது.

குனிந்து சம்பூர்ணத்தின் காதில் கேட்டேன். போலாமா அம்மிணி? அவள் கண்ணைத் திறக்கவில்லை. பேச மூச்சு இல்லை. நான் என் கையை அவள் பக்கத்தில், உள்ளங்கை மேலே பார்க்கப் படுக்கையில் வைத்தேன். ஏன் அப்படி வைத்தேன் என்று தெரியாது. அவள் கை மெல்ல எழுந்தது. துழாவியது. என் கையைக் கண்டுபிடித்து, அதன்மேல் தன் கையைக் கவிழ்த்து, விரல்களை விரித்து மூடினாள்.

நம்புகிறேன் என்று சொன்னவன் நான். ஆனாலும் என் அம்மாவின் மகன். மறுபடி ஒருமுறை கேட்டேன். "இன்னுங் கொஞ்சம் பாக்கலாமா?"

அவள் கையை எடுக்கவில்லை. விரித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக நெருக்கிச் சேர்த்தாள். இடுக்கே இல்லாமல்.

நான் நிமிர்ந்து அந்த ஆளிடம், "போதுமுங்க" என்றேன்.

அவர் நகரவில்லை. எங்கள் பக்கத்து ஆள்தான். நான் இன்னொரு தடவை சொல்கிறேனா என்று நின்றார்.

"நிசமாலுமே போதுமுங்க. நீங்க போலாம்."

வாணி சுவரோடு உட்கார்ந்துவிட்டாள். ஸ்ட்ரெச்சர் திரும்பிப் போன சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் டாக்டர் வந்து ஊசி போட்டார். மூச்சின் அவசரம் அடங்கியது. நெற்றிச் சுருக்கம் விலகியது. வாணி எழுந்து வந்து அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, கலைந்திருந்த முடியை வாரிப் பின்னினாள். நான் போர்வையைப் போர்த்திவிட்டேன். மேற்கு ஜன்னல் திறந்திருந்தது. கிழக்கிலிருந்து வந்த காற்று அறையைக் கடந்து, திரைச்சீலையை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் அவளும் போனாள். யாரும் அவள் கையைக் கட்டவில்லை. கடைசிவரை அது என் கைமேல்தான் இருந்தது.

பெட்டியை அணைத்தேன். வீட்டில் இவ்வளவு நிசப்தம் இருந்தது எனக்கு மறந்தே போயிருந்தது.

நவம்பர் 17, ஞாயிறு

நேற்று நல்ல மழை. மானியில் நாற்பத்திரண்டு. அவளுக்குச் செய்ய வேண்டிய காரியங்கள் எல்லாம் முடிந்தன. வாணி நாளைக்கு ஓசூர் திரும்புகிறாள். என்னையும் வரச் சொல்கிறாள். மானியை யார் பார்ப்பது என்றேன். வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் பெட்டியை வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். கட்டிலுக்குக் கீழே சதுரமாகத் தூசி படியாத இடம் ஒன்று இருக்கிறது. பெருக்கவில்லை.

இன்று சமையல் வாணி. இலை போட்டாள். பசியே இல்லை, பல நாளாக இல்லை. அவள் மனத்துக்காக உட்கார்ந்தேன். முதல் கரண்டி சோறு விழுந்ததும் போதும் என்றேன்.

வாணி கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கைகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தாள்.

இரண்டும் மடியில்தான் இருந்தன.

இன்னும் ஒரு கரண்டி போட்டாள். சாப்பிட்டேன்.